தகர வேலைக்காரரின் மகன்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

எங்கள் வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பவை. போடியிலிருந்து ஏலமலைக்கு ஏறி இறங்கும் ஜீப்புகள்தாம் எங்களுக்குச் சோறு போடுகின்றன. கதவு நசுங்கிய வண்டி வரும். தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டி வரும். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியை நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி மாற்றித் தரவேண்டும் என்று கேட்டும் வரும். என் தந்தையாருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது கொஞ்சந்தான். ஆனால் ஒரு தகட்டைக் கையால் தடவிப் பார்த்தே அது எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார்.

பட்டறைச் சுவரில் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய படம் ஒன்று உண்டு. முதுகு வளைந்த வோக்ஸ்வாகன் வண்டியின் படம் அது. அந்த வண்டியை உருவாக்கியவரும் ஒரு டிங்கர் பட்டறைக்காரரின் மகன்தான் என்று தந்தையார் வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். எங்கே கேட்டறிந்தாரோ, செய்தி என்னவோ உண்மைதான். அந்த மனிதரைப் பற்றி நமது மலருக்கு எழுதலாமே என்ற ஆசையில் நூலகத்தில் அமர்ந்தேன். பாராட்டி எழுதவே அமர்ந்தேன். படித்து முடித்தபோது என் பேனா பலமுறை நின்று நின்று நகர்ந்தது. அந்தத் தயக்கத்தையும் மறைக்காமல் எழுதுவதே முறை என்று எண்ணுகிறேன்.

அவர் பெயர் பெர்டினாண்ட் போர்ஷே. 1875-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் வட பொஹீமியாவில் மாபர்ஸ்டார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த ஊர். இன்று செக் குடியரசில் வேறு பெயருடன் இருக்கிறது. தந்தை ஆன்டன் தகர வேலையில் கைதேர்ந்தவர். பட்டறையில் நடந்த விபத்து ஒன்றில் மூத்த மகன் இறந்துபோனான். எனவே, தமக்குப்பின் சுத்தியலைப் பிடிக்க வேண்டியவன் பெர்டினாண்டே என்று தந்தை தீர்மானித்துவிட்டார். பகலெல்லாம் தகடு வெட்டுவதும் மடிப்பதும் ஈயம் பற்றவைப்பதுமாகப் பையனின் இளமை கழிந்தது.

ஆனால் பையனின் மனமோ வேறிடத்தில் இருந்தது. அவ்வூரில் பெரிய கம்பளத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே மின்விளக்கு எரிந்தது. விளக்கைச் சுற்றும் விட்டிலைப்போல அவன் அந்த ஆலையைச் சுற்றி வந்தான். பட்டறை வேலை முடிந்தபின் பக்கத்து நகரமான ரைஷன்பெர்க்கில் மாலைநேரத் தொழிற்கல்வி வகுப்புக்குப் போனான். வீட்டுக்குள் மின்கலங்களை வைத்துக்கொண்டு ஏதேதோ செய்வது கண்டு தந்தைக்குக் கோபம் வந்ததாம். கடைசியில் 1893-ல் அந்தப் பதினெட்டு வயது இளைஞன் தன் வீட்டிலேயே மின்விளக்கு எரிய வைத்துக் காட்டினான். அதன்பிறகு தந்தையால் தடுக்க முடியவில்லை. அதே ஆண்டில் வியன்னாவிலுள்ள பேலா எக்கர் என்னும் மின்பொறி நிறுவனத்துக்கு வேலைக்குப் போனான்.

நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. போர்ஷே எந்தக் கல்லூரியிலும் முறையாகச் சேர்ந்து பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். வியன்னாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேலைநேரம் போக எஞ்சிய மாலைகளில் யாருமறியாமல் புகுந்து பின்வரிசையில் அமர்ந்து பாடம் கேட்டார். நாம் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்பைவிட்டு நழுவுகிறோம். அவரோ பெயர் இல்லாமலே உள்ளே நழுவியிருக்கிறார்! பின்னாளில் அதே பல்கலைக்கழகம் 1917-ல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

1898-ல் லோனர் என்னும் வியன்னா நிறுவனத்தில் சேர்ந்தார். அரச குடும்பத்தாருக்குக் குதிரை வண்டிகள் செய்துவந்த நிறுவனம் அது. அங்குதான் அவருடைய முதல் பெரிய சிந்தனை உருப்பெற்றது.

அதைப் புரிந்துகொள்ள எங்கள் பட்டறை வண்டி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஜீப்பின் எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதன் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாகவும், நீண்ட தண்டு வழியாகவும், பல்சக்கரங்கள் வழியாகவும் போய்ப் பின்சக்கரத்தை அடைகிறது. முன்சக்கரங்களும் இழுக்கவேண்டுமானால் இன்னொரு கியர்பெட்டியும் இன்னொரு தண்டும் முன் ஆக்சிலில் இன்னொரு கூட்டம் பல்சக்கரங்களும் வேண்டும். முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் அங்கே மடங்கும் மூட்டுகளும் வேண்டும். இவற்றை ஒரு நேர்கோட்டில் பொருத்துவதற்குள் என் தந்தையாருக்கு இரண்டு வாரம் ஓடிவிடும். அரை அங்குலம் பிசகினாலும் வண்டி அதிரும்.

இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத போர்ஷே இந்தத் தண்டு, பல்சக்கரம் அனைத்தையும் தூக்கி எறிந்தார். சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே ஒரு மின்மோட்டாரை வைத்தார். இடையில் சங்கிலியும் இல்லை, கியரும் இல்லை. மின்கலத்திலிருந்து இரண்டு கம்பிகள் போனால் போதும். 1900-ல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் இவ்வண்டி வைக்கப்பட்டது. முன்சக்கரங்கள் இரண்டிலும் மோட்டார். மின்கலங்களின் எடை மட்டும் 410 கிலோ. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடும். அதைப் பார்த்த இங்கிலாந்து நாட்டு லூட்டன் நகரச் செல்வர் ஹார்ட் என்பவர் நான்கு சக்கரங்களிலும் மோட்டார் வைத்துத் தமக்கொரு வண்டி வேண்டும் என்று கேட்டார். போர்ஷே செய்து கொடுத்தார். நான்கு சக்கரங்களும் இழுத்த முதற் கார்களில் ஒன்று அது. இதில் மின்கலம் மட்டுமே 1800 கிலோ! ஒரு ஜீப்பையே முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியது போலத்தான்.

எடைதான் பகை என்பது விரைவிலேயே அவருக்குப் புரிந்தது. எனவே அதே ஆண்டில் பெட்ரோல் எஞ்சினை வைத்து மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கர மோட்டார்களை ஓட்டும் வண்டியையும் செய்தார். இன்று ஹைப்ரிட் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் மூதாதை அது. 1971-ல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவின்மீது ஓட்டிய வண்டியிலும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார்கள் இருந்தன.

1903-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மகள் லூயிஸ், மகன் பெரி என இரு மக்கள். 1906-ல் ஆஸ்ட்ரோ-டைம்லர் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவரானார். 1910-ல் இளவரசர் ஹென்றி பெயரில் நடந்த நெடுந்தூரப் போட்டியில் தாம் வடிவமைத்த காரைத் தாமே ஓட்டி முதலிடம் பெற்றார். இவையெல்லாம் இனிமையான பக்கங்கள்.

பிறகு வந்தது முதல் உலகப் போர். போர்ஷேயின் சக்கர மோட்டாருக்குப் பெருவாழ்வு கிடைத்தது அப்போதுதான். ஸ்கோடா ஆலை செய்த 42 சென்டிமீட்டர் வாயகலமுள்ள பீரங்கியை மலைப்பாதைகளில் ஏற்றவேண்டும். எந்த ஒற்றை வண்டியாலும் அதை இழுக்க முடியாது. இழுக்கும் வண்டியின் சக்கரம் மண்ணில் வழுக்கும். போர்ஷே என்ன செய்தார் தெரியுமா? முன்வண்டியில் எஞ்சினையும் மின்னாக்கியையும் வைத்தார். பீரங்கியின் பாகங்களைச் சுமக்கும் பின்வண்டிகளில் எட்டுச் சக்கரங்களிலும் மோட்டார் வைத்துக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பினார். இப்போது இழுபடும் வண்டியே இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தன்னைத் தானே தள்ளிக்கொண்டது. பொறியியலாக இதைப் பார்த்தால் வியப்பில் வாய் திறக்கும். அந்தப் பீரங்கி மேலே போய்ச் சேர்ந்தபின் கீழே என்ன நடந்தது என்று நினைத்தால் அதே வாய் மூடிக்கொள்ளும்.

போருக்குப் பின் 1923-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து டைம்லர் நிறுவனத்தில் புகழ்பெற்ற மெர்சிடிஸ் பந்தயக் கார்களை உருவாக்கினார். சற்றே முன்கோபி. இயக்குநர் குழுக்களோடு ஒத்துப்போகாதவர். மக்கள் வாங்கக்கூடிய சிறு கார் ஒன்று செய்யவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. விலையுயர்ந்த கார்களை விற்கும் நிறுவனங்களுக்கு அது கசந்தது. இடையில் ஸ்டையர் நிறுவனத்திலும் சிறிது காலம் இருந்துவிட்டு, 1931-ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்த வடிவமைப்பு நிலையம் தொடங்கினார். 1932-ல் சோவியத் நாடு அழைத்துத் தன் தொழிற்சாலைகளைச் சுற்றிக்காட்டிப் பெரும்பதவி தர முன்வந்தது. மொழி தெரியாத நாட்டில் வேலை செய்ய இயலாது என்று மறுத்துவிட்டார்.

சொந்த நிலையத்துக்குப் பணம் போட்ட பங்காளிகளில் ஒருவர் அடால்ப் ரோசன்பெர்கர். பந்தய ஓட்டுநர், வணிகத் திறமை மிக்கவர், யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1935-ல் ரோசன்பெர்கரின் பங்குகள் சந்தை மதிப்பைப் பாராமல் முகவிலைக்கே வாங்கப்பட்டன. அதே ஆண்டில் அவர் கைதாகிக் கிஸ்லாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையாகி நாட்டைவிட்டே போனார். தொடங்கிய நாளில் கூடவே நின்ற நண்பருக்கு இப்படி நேர்ந்தும் போர்ஷேயின் வரைபலகை ஒருநாளும் நிற்கவில்லை. என் பேனா முதலில் நின்ற இடம் இதுதான்.

மக்கள் கார் ஆசையை நிறைவேற்ற அவருக்குக் கிடைத்த புரவலர் ஹிட்லரே. 1934 ஜூன் மாதம் ஒப்பந்தம் ஆயிற்று. விலை 990 மார்க்குக்குள் இருக்கவேண்டும் என்பது கட்டளை. முதல் சோதனை வண்டிகள் எங்கே செய்யப்பட்டன என்று நினைக்கிறீர்கள்? பெரிய ஆலையில் அல்ல. ஸ்டுட்கார்ட்டில் போர்ஷேயின் வீட்டுக் கார் கொட்டகையில்! லேத், துளைபொறி என்று சில இயந்திரங்கள்; விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். இந்தப் பகுதியை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டியபோது அவர் எழுந்து நின்று கேட்டார். 1936-ல் மூன்று வண்டிகளை ஒவ்வொன்றும் 50,000 கிலோமீட்டர் ஓடும்வரை மலையிலும் சமவெளியிலும் ஓட்டி, உடைந்ததை எல்லாம் குறித்துத் திருத்தினார்கள்.

அந்த வடிவம் முழுக்க அவர் மூளையில் உதித்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். டாட்ரா என்னும் செக் நிறுவனத்தின் ஹான்ஸ் லெட்விங்கா பின்புறம் காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த கார்களை முன்பே செய்திருந்தார். டாட்ரா வழக்குத் தொடுத்தது. ஜெர்மானியப் படை செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்ததும் வழக்கு அமுங்கிப்போனது. 1965-ல்தான் வோக்ஸ்வாகன் நிறுவனம் பத்து லட்சம் மார்க் கொடுத்து அதைத் தீர்த்தது.

1937-ல் போர்ஷே நாஜிக் கட்சியில் உறுப்பினரானார். 1938 மே 26-ல் பாலர்ஸ்லெபன் அருகே வோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அவ்வூர் வுல்ப்ஸ்பர்க். வாரம் 5 மார்க் வீதம் வில்லை ஒட்டிச் சேமித்தால் கார் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. 3,36,000 பேர் சேமித்தார்கள். போர் முடியும்வரை அவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டுப் பிடித்து ஓடிப்போனவரை நான் அறிவேன். ஓர் அரசே அதைச் செய்யும் என்று அறியாதிருந்தேன்.

மக்கள் கார் படை வண்டியாயிற்று. வளைந்த முதுகை நீக்கித் தட்டையான தகடுகளால் பெட்டிபோன்ற உடல் செய்தார்கள். தகடு மெல்லியதாக இருந்தால் துடிக்கும். தடிமனாக இருந்தால் எடை கூடும். எனவே மெல்லிய தகட்டிலேயே வரிவரியாக மடிப்பு அடித்து விறைப்பூட்டினார்கள். வண்டி முக்கால் டன்னுக்கும் குறைவு. பின்சக்கரங்கள் மட்டுமே இழுத்தன. ஆனால் சக்கரக் குடத்தில் தனிப் பல்சக்கரம் வைத்து வண்டியை உயர்த்தியதாலும், ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்குச் சக்தி போகும்படி டிபரன்ஷியலை அமைத்ததாலும் சேற்றிலும் மணலிலும் அது ஓடியது. தண்ணீரே ஊற்ற வேண்டாத எஞ்சின் என்பதால் ஆப்பிரிக்கப் பாலையில் கொதிக்கவில்லை. ருஷ்யப் பனியில் உறையவில்லை. சுமார் 50,000 வண்டிகள் செய்யப்பட்டன.

அதன் தம்பி நீந்தும் வண்டி. முதல் கியரில் நான்கு சக்கரங்களும் இழுக்கும். உடலோ ஓட்டை ஒடிசல் இல்லாமல் பற்றவைத்த தொட்டி. ஆற்றங்கரை வந்ததும் பின்னால் மடித்துவைத்த விசிறியைக் கீழே இறக்கினால் எஞ்சின் அதைச் சுற்றும். வண்டி படகாகிவிடும். முன்சக்கரங்களே சுக்கான். தகடு வெட்டத் தெரிந்த எவரும் இதன் படத்தைப் பார்த்துவிட்டு எளிதில் கண்ணை எடுக்க மாட்டார். பற்றவைப்பில் ஒரு குண்டூசி முனை அளவு துளை இருந்தாலும் ஆளோடு மூழ்கும் அல்லவா?

பழைய மின்சாரக் காதலும் விடவில்லை. எஞ்சினால் மின்னாக்கி, மின்னாக்கியால் மோட்டார் என்ற அதே முறையில் புலி என்னும் டாங்கிக்குப் போட்டியாக ஒரு வடிவம் கொடுத்தார். அது தேறவில்லை. தெரிவு முடியுமுன்பே செய்துவைத்த உடல்களில் 90-ஐப் பீரங்கி வண்டிகளாக மாற்றி, அவர் பெயராலேயே பெர்டினாண்ட் என்றழைத்து 1943-ல் குர்ஸ்க் போருக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவு வண்டிகளையும் செய்த கைகள் யாருடையவை? இங்கேதான் என் பேனா இரண்டாம் முறை நின்றது. போர்க்காலத்தில் வோக்ஸ்வாகன் ஆலையில் ஏறத்தாழ 20,000 பேர் கட்டாய உழைப்பில் வாட்டப்பட்டார்கள். போலந்துக்காரர், ருஷ்யர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் என்று பல நாட்டவர். வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. கட்டாய உழைப்புக்கு வந்த பெண்களின் கைக்குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ரூன் என்னும் ஊரில் ஒரு விடுதியில் வைத்தார்கள். பராமரிப்பின்றி 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தன. பொறுப்பாயிருந்த ஆலை மருத்துவர் போருக்குப்பின் தூக்கிலிடப்பட்டார். ஆலையின் தலைமைப் பொறுப்பாளர்களில் ஒருவர் போர்ஷே. அன்றாட நிர்வாகம் அவருடைய மருமகன் ஆன்டன் பீச்சிடம் இருந்தது. அரசியலில் அவருக்கு நாட்டமே இல்லை, வரைபடமே அவர் உலகம் என்று வரலாற்றாசிரியர் சிலர் எழுதுகிறார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு தகட்டின் பள்ளத்தைத் தொட்டறியும் மனிதருக்குத் தம் ஆலைக்குள் மெலிந்து நின்ற மனிதர்களைக் கண்டறிவது அரிதா என்ன?

1945 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். வயது எழுபது. பாரிசில் வைத்து ரெனோ நிறுவனத்தின் சிறு காரைப் பற்றி ஆலோசனை கேட்டார்கள். பிறகு டிஜோன் நகரச் சிறை, குளிர், உடல் நொடிந்தது. முன்னதாக விடுதலையான மகன் பெரி, ஆஸ்திரிய மலையூரான க்முண்டில் ஒரு மர அறுவை ஆலையில் பழைய படைவண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டு பிழைத்தார். அப்போது இத்தாலிய நிறுவனமான சிசிட்டாலியா ஒரு பந்தயக் கார் வேண்டுமென்று கேட்டு முன்பணம் தந்தது. அந்தப் பணம் தந்தையின் பிணைக்குப் போயிற்று. 1947 ஆகஸ்ட் முதல் நாள் முதியவர் வெளியே வந்தார். 1948-ல் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனால் வோக்ஸ்வாகன் ஆலையின் கட்டாயத் தொழிலாளர்களுக்காக எந்த நீதிமன்றமும் அவரை நிறுத்திக் கேட்கவில்லை.

வெளியே வந்தவரிடம் மகன் அந்தப் பந்தயக் காரின் வரைபடங்களை விரித்தார். பன்னிரண்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர் எஞ்சின். ஓட்டுநர் வேண்டும்போது முன்சக்கரங்களையும் இணைத்துக்கொள்ளலாம். தந்தை திருத்துவதற்கு ஒன்றும் காணவில்லையாம். பணமின்மையால் அந்தக் கார் பெரும் பந்தயத்தில் கடைசிவரை ஓடவேயில்லை. ஆனால் அதே அறுவை ஆலையில் 1948 ஜூன் மாதம் போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் கார் பதிவாயிற்று. பின்னர் வந்தவற்றுக்கு மர அச்சின்மேல் அலுமினியத் தகட்டை வைத்துக் கையாலேயே அடித்து அடித்து உடல் செய்தார்கள். அங்கே ஏறத்தாழ 50 கார்கள் அவ்வாறு பிறந்தன. மாபர்ஸ்டார்ப் பட்டறையில் தொடங்கிய சுத்தியல் ஒலிக்கே குடும்பம் திரும்பி வந்துவிட்டது.

1950 நவம்பரில் வுல்ப்ஸ்பர்க் ஆலையைப் பார்க்கப் போனார். அவருடைய சிறு கார் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. திரும்பியதும் பக்கவாதம் தாக்கியது. 1951 ஜனவரி 30-ல் ஸ்டுட்கார்ட்டில் காலமானார். அந்தக் கார் 2003-ல் மெக்சிகோவில் நிறுத்தப்படும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

பிறந்த ஊரில் அவர் பெயரைத் தாங்கிய அறிவிப்புப் பலகைகள் இருந்தன. நாஜிக் கட்சி உறுப்பினரின் பெயர் ஊர் வாசலில் எதற்கு என்று போரில் துன்புற்றோர் கேட்க, 2013-ல் அவை அகற்றப்பட்டன. அவர் பிறந்த வீடோ பின்னர் புதுப்பிக்கப்பட்டு நினைவகமாக நிற்கிறது.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது இவை அனைத்தையும் தந்தையாரிடம் சொன்னேன். ஒரு ஜீப்பின் முன் ஆக்சிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீந்தும் வண்டியின் விசிறியைப் பற்றி இரண்டுமுறை கேட்டார். ரூன் விடுதியைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். வெகுநேரம் கழித்து, அந்தப் பெரியவர் ஒருநாளாவது அங்கே போய்ப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டார். பார்த்ததாக நான் எங்கும் படிக்கவில்லை என்றேன்.

சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அவரும் கிழிக்கவில்லை, நானும் கிழிக்கவில்லை. வருவோர் போவோரிடம் அதைக் காட்டிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.